விழுப்புரத்துக் கம்பமும் மாஸ்கோக் கம்பளமும்

சங்கீத வித்துவான் ஒருவர் அறுபது வயதில் பாடும் பைரவியில், இருபது வயதில் அவரே பாடிய பைரவியில் இல்லாத ஒரு கனிவு வந்து சேர்கிறது என்று ரசிகர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வைத்தியருக்கும் வக்கீலுக்கும் எழுத்தாளருக்கும்கூட வயது ஏற ஏற மதிப்பும் ஏறுகிறது. ஆனால் சரீரம் ஒன்றையே வாத்தியமாகக் கொண்ட ஜிம்னாஸ்டிக் கலையில் மாத்திரம் இந்தக் கணக்கு அடியோடு வேறு. அங்கே ஒரு பெண்ணுக்குப் பெரும்பாலும் ஆறு ஏழு வயதில் ஆரம்பம், பதினாறிலிருந்து இருபதுக்குள் உச்சம், அதற்கு மேல் விடைபெறுதல். ஒரு மனிதர் உத்தியோகத்தில் சேரும் வயதில் அந்தப் பெண் ஓய்வு பெற்றுவிடுகிறாள். இதை நாம் ஒரு வினோதச் செய்தியாகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோமே தவிர, நம் வீட்டுக் குழந்தைகளின் விஷயத்தில் இதன் அர்த்தம் என்ன என்று நிதானமாக யோசிப்பதில்லை. இந்தப் பதிவில் அதைத்தான் சற்று விரிவாகப் பேச உத்தேசம்.

முதலில் மாஸ்கோவில் பிறந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யானா குத்ரியாவ்த்சேவா 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் பிறந்தவர். தகப்பனார் நீச்சல் வீரர். 2013ஆம் ஆண்டு கீவ் நகரில் நடந்த ரிதமிக் ஜிம்னாஸ்டிக் உலகப் போட்டியில், பதினாறு வயது நிறைவதற்கு முன்பே, ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றார்; அடுத்த ஆண்டு இஸ்மீரிலும் அதற்கடுத்த ஆண்டு ஸ்டுட்கார்ட்டிலும் அதே பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். பந்தை விரல் நுனியில் சுழலவிட்டபடியே உடலைத் திருப்பும் அவருடைய லாகவத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மற்றவர் மார்கரீட்டா மாமூன். 1995 நவம்பர் முதல் தேதி பிறந்தவர். தாயார் ருஷ்யப் பெண்மணி. தகப்பனாரோ வங்காள தேசத்து ராஜஷாகியைச் சேர்ந்த கடல் பொறியியலாளர். ஏழு வயதில் பயிற்சிக்கூடத்துக்குள் அடியெடுத்து வைத்த மார்கரீட்டா, சிறுமியாக இருந்த காலத்தில் சொற்ப நாள் தகப்பனாரின் தேசத்தின் பெயராலும் போட்டியிட்டதுண்டு. பிற்காலத்தில் அவரை ‘வங்காளப் பெண்புலி’ என்றே ருஷ்யர்கள் அழைத்தார்கள்.

இருவரும் 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஒரே கம்பளத்தின்மேல், ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். அந்தக் கம்பளம் பதின்மூன்று மீட்டர் சதுரம். ஒருவருக்குக் கிடைக்கும் காலம் ஒன்றேகால் நிமிஷத்திலிருந்து ஒன்றரை நிமிஷம். வளையத்திலும் பந்திலும் யானாவே முன்னணியில் இருந்தார். மூன்றாவதாகக் கதாயுதம் போன்ற சிறு கட்டைகளைச் சுழற்றி ஆடியபோது, ஆட்டம் முடியப்போகும் தறுவாயில், உயரே எறிந்த கட்டை ஒன்று கைக்கு வராமல் தரையில் விழுந்தது. தங்கப் பதக்கம் 76.483 புள்ளிகள் பெற்ற மாமூனுக்குப் போயிற்று. மூன்று முறை உலகப் பட்டம் வென்ற யானாவுக்கு 75.608 புள்ளிகளும் வெள்ளியும் கிடைத்தன. ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசம். கால் காயங்களோடு பல காலம் போராடியிருந்த யானா, ஒலிம்பிக்குக்குப் பின், பத்தொன்பது வயதில் விடைபெற்றார். மாமூனும் அதிக நாள் நீடிக்கவில்லை. இருபது வயதில் வென்ற அந்தத் தங்கத்தோடு அவருடைய பெரிய போட்டிகள் முடிந்தன. புற்றுநோயால் படுத்திருந்த தகப்பனார், மகள் பதக்கத்தோடு ஊர் திரும்பிய சில நாட்களுக்குள் காலமானார் என்பதையும் இங்கே சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். விக்கிரவாண்டியும் முண்டியம்பாக்கமும் இடையில் வரும். கரும்பும் நிலக்கடலையும் விளையும் பூமி என்றும், ரயில் பாதைகள் பல திசைகளிலிருந்து வந்து கூடும் சந்திப்பு என்றுமே வெளியூர்க்காரர்கள் இந்தப் பிராந்தியத்தை அறிந்திருப்பார்கள். ஆனால் சரீரக் கலையை நேசிக்கிறவர்களுக்கு விழுப்புரம் என்ற பெயரைக் கேட்டதும் ஞாபகம் வருவது, ஊன்றிய கம்பத்தில் ஏறி வித்தை காட்டும் மல்லர் கம்பம்தான். தமிழ்நாட்டில் அந்தக் கலை பரவியதற்கு விழுப்புரத்தைச் சேர்ந்த உலகதுரை அவர்களின் பிரயத்தனமே முக்கிய காரணம். இன்றைக்கு மாநிலத்தின் பல மாவட்டங்களில் பிள்ளைகள் கம்பம் ஏறுகிறார்கள் என்றால், அதன் வேரைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் விழுப்புரத்து மைதானத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். கலையை நம் மண்ணில் நிலைநிறுத்திய இத்தகைய ஆசிரியர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் பெரிது.

இக்கலையின் பூர்வீகத்தைப் பற்றி ஆர்வத்தோடு பேசுகிறவர்கள், இதைப் பல்லவர் காலத்துக்கும் காஞ்சிக்கும் மாமல்லனுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுண்டு. மண்டகப்பட்டிலும் தளவானூரிலும் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அப்படி நினைப்பதில் ஒரு சந்தோஷம் உண்டாவது இயல்பே. என் அபிப்பிராயம் என்னவென்றால், திடமான சான்றுகளோடு நிற்பதே கலைக்கு மரியாதை. மல்யுத்தம் பயில்கிறவர்கள் கம்பத்தில் அப்பியாசம் செய்த செய்தி, 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் சமஸ்கிருதத்தில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் நூலில் வருகிறது. பின்னர் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் ஆசிரியரான பாலம்பட்ட தாதா தேவதர், மங்கிக்கிடந்த இந்தப் பயிற்சிக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புத்துயிர் கொடுத்தார். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலைச் சேர்ந்தவர்கள் இதை அந்நிய நாட்டார் முன்னிலையில் செய்து காட்டினார்கள். 1981இல் உஜ்ஜயினியில் அகில இந்தியப் போட்டி நடந்தது. மத்தியப் பிரதேசம் 2013இல் இதைத் தன் மாநில விளையாட்டாகவே அறிவித்துவிட்டது. 2019 பிப்ரவரியில் மும்பை சிவாஜி பார்க்கில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. ஒலிம்பிக்கில் மட்டும் இன்னும் இடம் இல்லை.

பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் வர்ணிக்கிறேன். நிலைக் கம்பம், தொங்கு கம்பம், கயிறு என்று இதில் மூன்று வகை. நிலைக் கம்பம் தரையில் ஆழமாக ஊன்றப்பட்டு, அடியில் பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் கழுத்தும் குமிழும் வைத்துக் கடைந்த மரம். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். வழவழப்பாக இருக்கவேண்டும் என்பதற்காக விளக்கெண்ணெய் தடவியிருப்பார்கள். பையன் ஓடிவந்து ஒரே தாவலில் தொடைகளால் கம்பத்தைப் பற்றிக்கொள்கிறான். கைகளை விட்டுவிட்டுத் தலைகீழாகத் தொங்குகிறான். பின் ஒரு சுழற்சியில் உச்சிக்குப் போய், ஒரு பாதம் மட்டுமே வைக்க இடமுள்ள அந்தக் குமிழின்மேல் நின்று கைகூப்புகிறான். தொங்கு கம்பமோ சங்கிலியில் ஆடிக்கொண்டே இருப்பது. ஆகையால் தன்னுடைய சமநிலையோடு கம்பத்தின் ஆட்டத்தையும் சேர்த்து அடக்க வேண்டும். கயிற்றில் ஏறும் பெண்கள் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பருத்திக் கயிற்றைக் கவ்விக்கொண்டு மேலே போய், முடிச்சே போடாமல், உடலைச் சுற்றிக் கயிற்றை ஒரு பின்னலாக்கி, அந்தரத்தில் பத்மாசனம் இட்டு அமர்கிறார்கள். எல்லாம் ஒன்றரை நிமிஷத்துக்குள் நடந்தேறிவிட வேண்டும். மாமூனுக்கு ரியோவில் கிடைத்ததும் அதே ஒன்றரை நிமிஷம்தான்.

இந்தச் சௌந்தர்யம் இலேசில் வருவதில்லை. ஆரம்பத்தில் தொடையின் உட்புறத் தோல் கன்றிப்போகும். கயிறு பட்ட இடமெல்லாம் வரிவரியாகச் சிவந்திருக்கும். அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும் குழந்தை மறுநாள் சாயங்காலம் தானாகவே மைதானத்துக்கு வந்து, ‘மாஸ்டர், இன்னிக்கு ஒரு வாட்டி ஏறிப் பாக்கறேன்’ என்று கேட்குமானால், அந்தக் குழந்தைக்குக் கலை பிடித்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்த மைதானத்துப் பயிற்சி நின்றுபோகும்; மரம் ஊறினால் பிடி நிற்காது. வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கூலி வேலைக்கும் தையல் வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். அரசுப் பள்ளியில் படிப்பவர்கள். விலையுயர்ந்த காலணியோ மட்டையோ இந்த விளையாட்டுக்கு வேண்டியதில்லை; ஒரு கம்பமும் கொஞ்சம் எண்ணெயும் நல்ல ஆசிரியர் ஒருவரும் போதும்.

இத்தனையும் இருந்தும் நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பாதி வழியிலேயே கம்பத்தை விட்டு இறங்கிவிடுகிறார்கள். எங்கள் திண்டிவனத்தில் தெரிந்த ஒரு வீட்டுப் பெண், கயிற்றில் நல்ல தேர்ச்சி பெற்று மாநிலப் போட்டி வரை போய்வந்தவள், திடீரென்று பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தாயாரைக் கண்டபோது விசாரித்தேன். ‘பத்தாவது வந்துட்டா அண்ணே. படிப்பு கெட்டுடக் கூடாதில்ல? ஒரு வருஷம் நிறுத்திட்டு அப்புறம் போவட்டும்னு சொல்லிட்டேன்’ என்றார். அவர் பேச்சில் குற்றம் காண எனக்கு மனமில்லை. தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தைத் தாங்கும் ஒரு தாய், தன் மகளுக்கு நிச்சயமான ஜீவனோபாயத்தைத் தரக்கூடியது படிப்பு ஒன்றுதான் என்று நம்புவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஒரு வருஷம் எங்கே வந்து விழுகிறது என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். பதினான்கு பதினைந்து வயதில் பெண்ணின் உடல் வளர்கிறது; எடை கூடுகிறது; கைகால்களின் நீளம் மாறுகிறது; நேற்றுவரை பழகிய பிடி இன்று பொருந்துவதில்லை. தினந்தோறும் பழகுகிறவள் அந்த மாற்றத்தைத் தன்னை அறியாமலே ஒவ்வொரு நாளும் சரிசெய்துகொண்டு வருகிறாள். ஒரு வருஷம் விட்டவள் திரும்பிவரும்போது, தனக்கே புதிதான ஒரு உடலோடு ஆதியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதற்குள் பதினோராம் வகுப்பு வந்துவிடுகிறது, அப்புறம் பன்னிரண்டு, பிறகு கல்லூரி. பிறகு கம்பம் என்ற பேச்சே எழுவதில்லை.

யானா குத்ரியாவ்த்சேவா மூன்றாவது உலகப் பட்டத்தை வென்றபோது, நம் ஊர்க் கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் வயதுதான் அவருக்கு. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் அவரை நிறுத்திவைத்திருந்தால் எந்தப் பட்டமும் இருந்திராது. ‘படிப்பு முடியட்டும், விளையாட்டு பிறகு’ என்ற நம் நாட்டு வழக்கம் கிரிக்கெட்டுக்கும் சதுரங்கத்துக்கும் ஓரளவு ஒத்துவரலாம். ஆனால் சரீரம் இளகியிருக்கும் பருவத்தையே முதலாகக் கொண்ட இந்தக் கலைக்கு அந்தப் ‘பிறகு’ என்பது கிடையாது. இருபது வயதுக்குள் நடக்காதது பெரும்பாலும் நடப்பதே இல்லை.

அதற்காக ருஷ்யர்கள் செய்வதையெல்லாம் நாமும் செய்யவேண்டும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. சோவியத் நாளிலிருந்து ஊர்தோறும் சிறுவர்க்கான அரசு விளையாட்டுப் பள்ளிகளை வைத்து, அங்கே தேறியவர்களைப் படிப்படியாக மேலேற்றி, முடிவில் மாஸ்கோவுக்கு அருகே நோவோகோர்ஸ்க் பயிற்சி நிலையத்தில் கொண்டுவந்து சேர்க்கும் ஒழுங்கு அவர்களுடையது. 2000 முதல் 2016 வரை நடந்த ஐந்து ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் ருஷ்யாவை விட்டுப் போகவில்லை என்றால் அந்த ஒழுங்கின் பலம் விளங்கும். பார்சுகோவா, கபாயெவா, இரண்டு முறை கனாயெவா, பின்னர் மாமூன் என்று அந்த வரிசை நீண்டது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் இஸ்ரேலின் லினோய் அஷ்ராம் அதை அறுத்தார். 2022இல் உக்ரைன் மீது படையெடுப்பு நிகழ்ந்ததும் ருஷ்ய வீராங்கனைகள் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். தாங்கள் செய்யாத ஒரு காரியத்துக்காக, குறுகிய தங்கள் காலத்தின் சிறந்த ஆண்டுகளை அந்தச் சிறுமிகள் இழந்ததை நினைத்தால் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த ஒழுங்குக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. ரியோவுக்கு முந்தைய மாதங்களில் மாமூன் பெற்ற பயிற்சியைப் போலந்து தேசத்து மார்த்தா புருஸ் என்ற அம்மையார் படம்பிடித்து, ‘ஓவர் த லிமிட்’ என்ற பெயரில் 2017இல் வெளியிட்டார். தலைமைப் பயிற்சியாளர் இரீனா வீனர், நோயுற்ற தகப்பனாரின் நினைவால் தவிக்கும் அந்தப் பெண்ணைக் கூடத்தின் நடுவில் நிறுத்திவைத்துச் சொல்லும் வார்த்தைகள், கேட்பவர் நெஞ்சைச் சுடுவன. அவமதிப்பினால் பெற்ற தங்கம் எனக்கு வேண்டாம்; விழுப்புரத்துக் குழந்தை ஒன்றுக்கும் அப்படி ஒரு ஆசிரியர் வாய்க்கக் கூடாது. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்களுடைய கடுமையை அல்ல. குழந்தையின் பத்து ஆண்டுகளை இடைவிடாமல் காப்பாற்றித் தரும் அந்த ஏற்பாடு ஒன்றை மட்டுமே.

அத்தகைய கொடுமை இல்லாமலும் சிறிய ஊரிலிருந்து உலக மேடைக்குப் போகமுடியும் என்பதற்கு நம் தேசத்திலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. திரிபுராவின் அகர்தலாவில், ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக் பயிற்சியைத் தொடங்கிய தீபா கர்மாகர், ஆசிரியர் பிசுவேசுவர் நந்தியை இறுதிவரை விட்டுப் பிரியவில்லை. தட்டைப் பாதம் கொண்ட குழந்தை இதற்கு ஏற்றதல்ல என்று மற்றவர்கள் சொன்னதை அந்த ஆசிரியர் ஏற்கவுமில்லை. வசதியற்ற ஒரு கூடத்தில் பழகிய அந்தப் பெண், 2016 ரியோவில், ருஷ்ய வீராங்கனை யெலேனா புரொதுனோவாவின் பெயர் தாங்கிய, கழுத்தை முறித்துவிடக்கூடிய ஆபத்தான பாய்ச்சலைச் செய்து 15.066 புள்ளிகளோடு நான்காவதாக வந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இருந்த தூரம் 0.150 புள்ளி. ஒலிம்பிக்குக்குச் சென்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக் பெண்மணி அவரே. அகர்தலாவுக்கு முடிந்தது விழுப்புரத்துக்கு ஏன் முடியாது?

மேலேறிப் போவதற்கு ஏணியும் இப்போது உண்டு. மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களைச் சேர்ப்பதற்கான பட்டியலை 2020இல் 43 விளையாட்டுகளிலிருந்து 63 ஆக விரிவாக்கியபோது அதில் மல்லர் கம்பமும் சேர்ந்தது. கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் இதற்கு இடம் கிடைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் அந்தப் போட்டிகள் நம் மாநிலத்திலேயே நடந்து, தமிழ்நாடு 38 தங்கத்தோடு மொத்தம் 98 பதக்கங்கள் பெற்று இரண்டாம் இடத்துக்கு வந்தது. மும்பையைச் சேர்ந்த ஹிமானி பரப் இந்தக் கலைக்காகவே அர்ஜுனா விருது பெற்றிருக்கிறார். தையல் மெஷின் மிதிக்கும் தாயாரிடம் இந்தச் செய்திகளையெல்லாம் சொல்பவர் யார் என்பதுதான் கேள்வி. அவை அவர் காதில் விழுந்திருக்குமானால், பத்தாம் வகுப்பு வந்ததும் அவர் மகளை நிறுத்தியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஆகையால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் விக்கிரவாண்டியிலும் இதைப் படிக்கும் பெற்றோர்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே: உங்கள் குழந்தைக்குக் கம்பத்திலோ கயிற்றிலோ நாட்டம் இருந்தால், எட்டு வயதில் கொண்டுபோய் விடுங்கள், பொதுத் தேர்வு நடக்கும் ஆண்டிலும், நேரத்தைக் குறைத்தாவது, பயிற்சியை நிறுத்தாமல் நடத்துங்கள். தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்வது, தேசியப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு வருகைப் பதிவில் தாராளமாக இருங்கள். திரும்பி வந்ததும் விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தாரிடம் வேண்டுவது, மழை நனைக்காத கூரையின்கீழ் ஒரு கம்பமும் நான்கு கயிறுகளும், பெண் பிள்ளைகள் தயக்கமின்றி வந்துபோகப் பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரும் ஒவ்வொரு வட்டத்துக்கும் வேண்டும் என்பது. வருகிற ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது இந்தக் காரியத்தைத் தொடங்கினால், இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் ஒரு குழந்தைக்கு அது காலம் தவறாமல் போய்ச் சேரும்.